குத்தூஸின் ஈரல்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு தெருப் பெண்கள் யாராவது ஒருத்தி வீட்டில் கூடுவார்கள். ஒருவர் மார்க்கக் கிதாபு வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள், அப்புறம் டீயும் ஊர்க்கதையும். இந்த வாரம் ஜெரினாவின் முறை. முன்னறையில் கிடந்த ப்யூஸ் கேரியர் மூட்டைகளை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டுப் பாயை விரித்தாள். பீங்கான் கம்பெனியிலிருந்து வரும் அந்த வெள்ளைக் கட்டைகளில் பித்தளைத் தகடு வைத்துத் திருகாணி முடுக்குவதுதான் அவள் பிழைப்பு. பாதித் தெருவுக்கும் அதுதான் பிழைப்பு. பெண்ணாடத்திலிருந்து ஷமீமும் வந்திருந்தாள். ஜெரினாவின் புருஷன் அப்துல் குத்தூஸுடன் பிறந்த தங்கை அவள். அவளுடைய மகன் இஃப்திகாருக்கும் ஜெரினாவின் சின்ன மகள் ஹஸ்னாவுக்கும் நிக்காஹ் பேசி முடித்தாகிவிட்டது. தேதி மட்டும்தான் பாக்கி. தேதியோடுதான் வந்திருப்பாள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஜெரினா முடிவு செய்திருந்தாள். பயமாக இருக்கும் என்று நினைத்தாள். பயமும் இல்லை, ஒன்றும் இல்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. சோற்றில் உப்பு இல்லை என்று ஹஸ்னா சொன்ன பிறகுதான் உப்பு இல்லாதது தெரிந்தது.

குத்தூஸ் குவைத்திலிருந்து வந்து இறங்கியபோது வயிறு வீங்கி, கண் மஞ்சளாகியிருந்தது. ஈரல் சுருங்கிப்போச்சு என்றார்கள். ஈரல் எதனால் கெடும் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஐந்து வேளை தொழுகிற மனுஷன் அங்கே போய் என்ன செய்தானோ என்று ஊர் பேசிற்று. ஷமீம் அண்ணன் முகத்தில் விழிக்கவே மாட்டேன் என்று இருந்துவிட்டாள். மையித்து எடுக்கிற அன்றைக்குத்தான் வந்தாள். ஜெரினா வருகிறவர்களிடமெல்லாம் நெஞ்சுவலி என்றே சொன்னாள். கேட்டவர்களும் நம்பியது போலத் தலையாட்டினார்கள். அந்த விஷயத்தில் ஊர் ரொம்பப் பெருந்தன்மையானது, முகத்துக்கு நேராக ஒன்றும் கேட்காது.

கடைசி நாட்களில் ஒருநாள் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அல்லா அறிய நான் தொட்டதில்ல ஜெரினா" என்றார். அவள், "சரி, தூங்குங்க" என்றாள்.

அதற்குப் பிறகு மூத்தவள் உமைராவுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. விருத்தாசலத்தில் மூச்சு முட்டினால் காரணம் தேட வேண்டியதில்லை, களிமண் தூசி என்று வழியில் போகிறவன் சொல்லிவிடுவான். ப்யூஸ் கட்டைப் பக்கமே போகாதே என்று அவளைத் தடுத்தார்கள். புருஷன் வீட்டுக்காரர்கள் சேத்தியாத்தோப்பில் வயல் நடுவே வீடு பார்த்துக் குடிவைத்தார்கள். வயல் காற்றிலும் அவளால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தம் எடுத்துக்கொண்டு, "குடும்பத்துல யாருக்காச்சும் ஈரல் கெட்டிருக்கா?" என்று கேட்டாள். "இல்லீங்க" என்றாள் ஜெரினா. வாய் பழகிப்போயிருந்தது.

இந்த வாரம் ரிசல்ட் வந்தது. டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள். நுரையீரலைக் காக்க ஈரல் ஒரு சத்தை உண்டாக்கி அனுப்புமாம். சிலருக்குப் பிறப்பிலேயே அது சரியாக உருவாகாமல் ஈரலிலேயே தங்கிவிடுமாம். அங்கே சேர்ந்து ஈரலைக் கெடுக்கும், வந்து சேராததால் நுரையீரல் கெடும். சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டும். தாய் தகப்பன் இரண்டு பேர் வழியாகவும் வந்தால்தான் இப்படி முற்றும்.

"உங்க ஊர்ல மூச்சு முட்டுனா மண்ணத் திட்டுறீங்க, ஈரல் கெட்டா பாட்டிலத் திட்டுறீங்க" என்றாள் டாக்டரம்மா. "ரத்த சொந்தம் எல்லாரும் டெஸ்ட் பண்ணணும். சொந்தத்துல கல்யாணம்னா, அதுக்கு முன்னாடியே. நீங்களே நாலு பேர்கிட்ட சொல்லுங்கம்மா."

பாண்டிச்சேரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஜெரினா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தாள். நெய்வேலி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. சரி, தூங்குங்க. அது மட்டும் காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

கிதாபு வாசித்து முடித்தார்கள். ஷமீம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணி, அடுத்த மாசம்..." என்று ஆரம்பித்தாள்.

"இரு ஷமீமு. நான் ஒன்னு சொல்லணும்" என்றாள் ஜெரினா. "எங்க வூட்டுக்காரரு நெஞ்சுவலில மவுத்தாவல. ஈரலு கெட்டுத்தான் மவுத்தானாங்க."

தெரிந்த விஷயம்தான். ஆனாலும் எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். டாக்டரம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தாள் ஜெரினா. தன் குரல் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி அவளுக்கே கேட்டது. உமைராவுக்கு வந்தது அவள் அத்தாவிடமிருந்து பாதி, தன்னிடமிருந்து பாதி என்றாள். ஹஸ்னாவுக்கு இன்னும் பார்க்கவில்லை என்றாள். "ஒனக்கும் இருக்கலாம், இஃப்திகாருக்கும் இருக்கலாம். பாக்காம நிக்காஹ் வாணாம். பாத்தப்புறம் வாணாம்னு நீ சொன்னாலும் எனக்கு வருத்தமில்ல." வருத்தம் இருந்தது. எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த வீட்டுக்காரி தன் பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். நிக்காஹைப் பற்றி ஷமீம் ஏதாவது கேட்பாள் என்று ஜெரினா காத்திருந்தாள்.

"அப்ப அண்ணன் குடிக்கலியா?" என்றாள் ஷமீம்.

"இல்ல."

ஷமீம் முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டாள். ஜெரினாவுக்கும் அழ வேண்டும் போல இருந்தது, வரவில்லை. கை தானாக மூட்டையிலிருந்து ஒரு வெள்ளைக் கட்டையை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தது.

அடுக்களையிலிருந்து ஹஸ்னா டீத் தட்டோடு வந்தாள். வெளியே பேசியது எவ்வளவு அவள் காதில் விழுந்ததோ. ஷமீம் தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். ஹஸ்னாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். மருமகளாக வரப்போகிறவளின் முதுகில் உள்ளங்கையைப் பதித்து, காதையும் ஒட்ட வைத்தாள்.

"மூச்ச இழுத்து வுடும்மா" என்றாள்.

ஹஸ்னா அம்மாவைப் பார்த்தாள். பிறகு இழுத்தாள். யாரும் டீயை எடுக்கவில்லை. மடியிலிருந்த பிள்ளைகூடச் சும்மா இருந்தது. அறை முழுக்க அந்த ஒரு மூச்சுதான் போய்வந்துகொண்டிருந்தது. ஷமீம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "இன்னொரு தடவ" என்றாள்.