நாம யாருன்னு முதல்ல போடு

பசுமாடு செவலைக்கு வயிறு உப்பி, இடப்பக்கம் மத்தளம் மாதிரி நின்றது. காலையில் ஈரப்புல்லை கணக்கில்லாமல் தின்றுவிட்டு, இப்போது நுரை தள்ளக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. இராமையா தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து நின்ற பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிவதே அதன் பாலில்தான். மாடு போனால் எல்லாம் போச்சு.

வழக்கமாகக் கூப்பிடும் மாட்டு டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். மகள் சுதர்ஷினி போனை எடுத்தாள். இனி நெட்டில் தேடுவதுதான் கதி.

"நாம யாருன்னு முதல்ல போடு புள்ள," என்றார் இராமையா. "பேரு, டிவிஷன், லயத்து நம்பரு. அது இல்லாம எவன் பதில் சொல்லுவான்?"

ஆயுள் முழுக்கத் தோட்டத்து ஆபீசுக்கு மனுப் போட்ட மனுஷன். கூரை ஒழுகினாலும் சரி, குழாயில் தண்ணீர் நின்றாலும் சரி, துரைக்கு ஒரு கும்பிடு போடாமல் எதுவும் நகராது என்பது அவர் கண்ட உண்மை. அந்த மனுக்களை எழுதிக் கொடுத்தே கை பழகிய சுதர்ஷினியும் அவர் சொன்னபடியே தட்டினாள். 'ஐயா, கொஸ்லந்த மேல் டிவிஷன் ஆறாம் நம்பர் லயத்தில் வசிக்கும் இராமையாவாகிய எனது மாட்டிற்கு வயிறு உப்பியுள்ளதால், தயவுகூர்ந்து...'

வந்தது என்ன? தோட்ட வீடமைப்புச் செய்தி ஒன்று. அதற்குக் கீழே, மனு எழுதுவது எப்படி என்று ஒரு பாடம்.

"பணிவு பத்தல போல. 'இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள'ன்னு கீழ போடு."

"அப்பா! இது தொர இல்லப்பா, மெசினு!"

ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அழித்து, 'வயிறு உப்பல்' என்று மட்டும் போட்டாள். மனுஷரை ஓமத் தண்ணீர் குடிக்கச் சொன்னது. 'மாடு' சேர்த்தாள். யாரோ ஒரு புண்ணியவான் வீடியோவில் வந்து வணக்கம் சொல்லி, தன் பண்ணை பிறந்த கதையை ஆரம்பித்தான். பின்னால் செவலை முனகியது. சுதர்ஷினிக்குப் போனைத் தூக்கித் தேயிலைக்குள் எறியலாம் போலிருந்தது. கடைசியாக, 'மாடு வயிறு உப்பல் மிருக வைத்தியர் பதுளை' என்று போட்டதும், தெய்வமே, ஒரு நம்பர் வந்தது.

மறுமுனையில் ஆள் எடுத்ததும் அதே வேகத்தில் கொட்டினாள்.

"மாடு. வயிறு உப்பல். கொஸ்லந்த. ஒடனே டாக்டர் வேணும்!"

"இருங்கம்மா. யாரு பேசுறீங்க? எந்தத் தோட்டம்? எந்த டிவிஷன்?"

சுதர்ஷினி போனை அப்பாவிடம் நீட்டினாள். இராமையா போனை வாங்கி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெயரிலிருந்து லயத்து நம்பர் வரை தடங்கல் இல்லாமல் ஒப்பித்தார்.

"சரிங்க ஐயா. படுக்க விடாதீங்க. தலை மேட்டுப் பக்கமா வர்ற மாதிரி நிறுத்துங்க. நான்தான் டாக்டர், பக்கத்துல பூனாகலையிலதான் நிக்கிறேன், இப்ப வந்துருவேன்."

இருவரும் மூச்சு வாங்க மாட்டை மேட்டில் ஏற்றினார்கள்.

"யாருன்னு கேட்டாரு பாத்தியா?" என்றார் இராமையா, செவலைக்கு முட்டுக்கொடுத்தபடி. "ஐயான்னும் சொன்னாரு."

இத்தனை வருஷத்து மனுக்களில் ஒன்றுக்காவது அந்தச் சொல் பதிலாக வந்ததாகச் சுதர்ஷினிக்கு நினைவில்லை. அவள் மாட்டை இன்னும் பலமாகத் தள்ளினாள். செவலை பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது.