உப்புக்காரர் வீட்டு ஃபின்ச்சுகள்

அர்ச்சுனன் தன் ஆயுளில் சொன்ன பொய்களில், கூண்டில் வைத்துத் தீனி போட்டு வளர்க்க வேண்டியிருந்த பொய் ஒன்றே ஒன்றுதான்.

கதை அளப்பதில் அவர் சாமானியப்பட்டவர் அல்ல. மரக்காணத்தில் குத்தகைக்கு எடுத்திருந்த உப்பளத்து வரப்பில் நின்றுகொண்டு, தன் பாத்தி உப்பைப் போல வெளுத்த உப்பு இந்தக் கடற்கரையிலேயே கிடையாது என்று லாரிக்காரர்களிடம் அடித்துப் பேசுவார். அடுத்தவன் உப்பை ஒரு கல் எடுத்து நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்து, ‘மண்ணு வாசனை அடிக்குது’ என்று துப்புவார். ஊரில் பாதிப் பேர் அதை நம்பினார்கள். அவர் மனைவி ரேணுகா மட்டும் எதையும் நம்பியதில்லை. அப்படிப்பட்ட ரேணுகாவிடமே ஒரு பொய் செல்லுபடியானதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

சுனாமி அலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேணுகா மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தாள். தண்ணீர் உள்வாங்கியதைப் பார்த்தாள். பிறகு அது திரும்பி வந்ததையும் பார்த்தாள். கூடையும் செருப்பும் போன இடம் தெரியாமல், சவுக்குத் தோப்பு வழியாக ஓடி வந்து உயிர் பிழைத்தாள். அன்று சாயங்காலமே பிரம்மதேசத்தில் இருந்த அம்மா வீட்டுக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். மகள் சிவசங்கரி திண்டிவனத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஆக, மரக்காணத்து வீட்டில் அர்ச்சுனன் தனி ஆள்.

“கடல் இருக்கற ஊருக்கு நான் வரமாட்டேங்க. நீங்க வேணா உப்பளத்தைத் தூக்கிக்கினு இங்க வாங்க” என்றாள் ரேணுகா. கெஞ்சிப் பார்த்தார், மாமியாரை விட்டுச் சொல்லச் சொன்னார், ஒன்றும் நடக்கவில்லை. அவர் வைத்த குழம்பை அவராலேயே வாயில் வைக்க முடியவில்லை. உப்பு விற்கிற ஆள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டு, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். அவள் இல்லாத வீடு அவருக்கு வீடாகவே இல்லை. அதை அவளிடம் நேராகச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. ஊரெல்லாம் பேசுகிற வாய் இந்த ஒரு இடத்தில் படுத்துக்கொள்ளும்.

அந்த நேரத்தில்தான் இடையஞ்சாவடியில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் சொந்த ஊருக்குக் கிளம்பினாள். கூண்டோடு ஒரு ஜோடி ஃபின்ச் குருவிகளை யாராவது வைத்துக்கொண்டால் தேவலை என்று ஆள் தேடிக்கொண்டிருந்தாள். உப்பு மூட்டை இறக்கப் போன அர்ச்சுனன் கையில் கூண்டு வந்து சேர்ந்தது. ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் குருவிகள். அலகு பழுத்த மிளகாய் நிறம். பொம்மை ஊதல் போல ‘மீப், மீப்’ என்று ஓயாமல் பேசும். சேவல் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு இருந்தது, பெட்டைக்கு இல்லை.

பஸ்ஸில் மடியில் கூண்டை வைத்துக்கொண்டு வரும்போது, கூனிமேடு தாண்டுவதற்குள் அவருக்கு யோசனை வந்துவிட்டது. அலைக்கு முன்னால் மிருகங்கள் எல்லாம் தெரிந்துகொண்டு மேட்டுக்கு ஓடியதாக டி.வி.யில் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. நேராகப் பிரம்மதேசம் போய் இறங்கினார்.

“இது சாதாரணக் குருவி இல்ல ரேணு. கடல் பொங்குறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே இதுக்குத் தெரிஞ்சிடுமாம். ஒரு மாதிரியா நடந்துக்குமாம். வெள்ளைக்காரம்மாவே சொன்னாங்க. இது சும்மா இருந்தா நாம நிம்மதியா தூங்கலாம்.”

ரேணுகா குருவிகளைப் பார்த்தாள். அவரையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அடுத்த வாரம் தன் மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு மரக்காணம் வந்துவிட்டாள்.

கூண்டுக் கம்பியில் வெள்ளையாக ஏதோ ஒரு சில்லு கட்டியிருந்தது. கொத்திக் கொத்தித் தேய்ந்து விரல் நீளம்தான் மிச்சம். அர்ச்சுனன் பார்த்தவுடனே சிரித்தார். “உப்புக் கட்டி கட்டி வச்சிருக்காங்க பாரு. இதெல்லாம் ஒரு உப்பா? உப்புக்காரன் வீட்டுக்கு வந்த குருவி இதையா திங்கும்?” அதை அவிழ்த்து விறகு மூலையில் எறிந்தார். தன் பாத்தியிலேயே பொறுக்கி எடுத்த, கண்ணாடி போல் மின்னிய ஒரு கட்டியைக் கொண்டுவந்து கட்டினார். ஊரார் உப்பையெல்லாம் நாக்கில் வைத்துப் பார்க்கிற மனிதர் அந்தச் சில்லை மட்டும் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

சில நாள் வீட்டில் குழம்பு மணத்தது. பிறகு ஃபின்ச்சுகள் வேலையைக் காட்ட ஆரம்பித்தன.

முதலில் தண்ணீர். கிண்ணத்தை நிரப்பி வைத்தால் கையை எடுப்பதற்குள் காலி. குடித்ததையே குடித்தன, நாளெல்லாம் முங்கி முங்கிக் குளித்தன, கூண்டைச் சேறாக்கின. “இன்னாங்க இது, ஒரு மாதிரியா நடந்துக்குது” என்றாள் ரேணுகா. மதியம் அவர் சாப்பிட வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. கூண்டையும் மஞ்சள் பையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருந்தாள்.

பிரம்மதேசத்தில் உப்புக் கட்டி தண்ணீரில் கரைந்து போயிற்று. புதுக் கட்டி கட்ட அங்கே ஆள் இல்லை. குருவிகள் சாதுவாகிவிட்டன. பின்னாலேயே போன அர்ச்சுனனிடம் ரேணுகா கூண்டைக் காட்டினாள். “பாத்தீங்களா? இங்க அதுங்க பாட்டுக்கு இருக்குதுங்க. அங்கதான் ஆவல.”

அர்ச்சுனனால் என்ன சொல்ல முடியும்? குருவிக்கு ஒரு எழவும் தெரியாது என்று சொன்னால் தன் பொய் உடைந்துபோகும். அவள் வரவே மாட்டாள். குருவிக்கு எல்லாம் தெரியும் என்றால் அவள் மூட்டை கட்டுவது நியாயமாகிவிடும். தான் பின்னிய வலையில் தானே விழுந்து கிடந்தார். எப்படியோ தாஜா பண்ணி அழைத்து வந்தார். வந்த கையோடு, பாவம் குருவிகள் உப்பில்லாமல் இளைத்துவிட்டனவே என்று இன்னும் பெரிய கட்டியாகப் பார்த்துக் கட்டினார்.

மறுபடியும் தண்ணீர், மறுபடியும் குளியல், மறுபடியும் பஸ். ஒரு தரம் அல்ல. உப்பளத்தில் உப்பு வாருகிற குப்பம்மாள் அவரைக் கண்டாலே கேட்பாள்: “இன்னா மொதலாளி, குருவி இன்னிக்கு இன்னா சொல்லுது? நாங்க உப்பு வாரலாமா, இல்ல புள்ளகுட்டியோட மேட்டுக்குப் போயிடலாமா?” பாத்தியில் நின்ற எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரித்து வைப்பார். வேறு வழி?

குப்பம்மாளுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. “கரைக்கு நல்ல மீனு வருது, நீ ஏன் மொதலாளி பஜார்ல ஐஸ் மீனு வாங்குற?” என்பாள். வேலை ஓய மாட்டேங்குது என்பார் அர்ச்சுனன். மீன் வாங்க நேரம் இல்லாத மனிதர் டீக்கடையில் பேப்பரை விளம்பரம் வரைக்கும் படிப்பார்.

மழைக்காலம் நெருங்கிவிட்டது. கடைசி உப்பை வாரி அம்பாரம் போட்டு ஓலை மூட வேண்டிய அவசரம். அப்போது பார்த்துப் பெட்டை புதுக் கூத்தை ஆரம்பித்தது. தேங்காய் நாரால் பின்னிய கூட்டில் முட்டை வைத்தது. ஓடு தோல் போல இருந்தது. அந்த முட்டையைத் தானே கொத்தித் தின்றது. பிறகு கூண்டுக் கம்பிக்கு வெளியே அலகை நீட்டி, பக்கத்துச் சுவரை ராவு ராவென்று ராவியது. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. நடுநடுவே உடம்பைப் பந்தாக ஊதிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்துவிடும்.

“பெத்ததையே திங்குது. செவுத்தை ஓட்ட போட்டு ஓடப் பாக்குது” என்றாள் ரேணுகா. முகம் வெளிறியிருந்தது. அர்ச்சுனன் உப்பளத்துக்குக் கிளம்பினார். மஞ்சள் பை கட்டில் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அன்று வேலையில் மனம் ஒட்டவில்லை. குப்பம்மாள் கேலி பண்ணியதும் காதில் விழவில்லை. இந்தத் தடவை போனால் வரமாட்டாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினார். குருவி ஒன்றும் சொல்லாது, நான்தான் சொன்னேன், நீ இல்லாம என்னால முடியல என்று சொல்லிவிட வேண்டும். வாய்க்குள் ரெண்டு தரம் சொல்லிப் பார்த்தார். ஓலை மூடுவதைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

கதவு சாத்தியிருந்தது. கூண்டு கொக்கியிலேயே தொங்கியது. மஞ்சள் பையைக் காணோம்.

எப்போதும் கூண்டோடு போகிறவள், கூண்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? இனி குருவியும் வேண்டாம், குருவி கொடுத்தவனும் வேண்டாம் என்றுதானே? கட்டில் மேல் அவள் புடவைகள் மடித்தபடி அடுக்கியிருந்தன. பதற்றத்தில் அவர் கண்ணில் அது படவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார்.

“அண்ணி பஸ் ஏறலியேண்ணே” என்றார் டீக்கடை குழந்தைசாமி. “ரோட்டைத் தாண்டி அந்தாண்ட போனாங்க. கடல் பக்கம்.”

கடல் பக்கமா? ரேணுகாவா? அர்ச்சுனன் இசிஆர் ரோட்டைத் தாண்டி, சவுக்குத் தோப்புக்குள் செருப்பு மணலில் புதையப் புதைய ஓடினார். மணல் மேட்டில் ஏறியதும் கடல் தெரிந்தது. அங்கேயே அவர் கால் நின்றுவிட்டது. கீழே இறங்கு என்றால் இறங்கவில்லை. அலைக்குப் பிறகு தானும் ஒரு நாள்கூட இந்த மேட்டைத் தாண்டியதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஐஸ் மீன் வாங்கியது வேலை ஓயாததால் அல்ல. பயத்தால்.

கீழே, ஈர மணலில், ரேணுகா குனிந்து குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். அலை நுரைத்துக்கொண்டு வரும்போதெல்லாம் புடவையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடுவாள். அது போனதும் மறுபடி முன்னால் வருவாள். பிறகு நிமிர்ந்தவள் அவரைப் பார்த்துவிட்டாள். மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடேறி வந்தாள்.

“உப்பளத்தை வுட்டுட்டு இங்க இன்னா பண்றீங்க?”

“நீ போயிட்டியோன்னு நெனச்சேன்.”

அவள் பைக்குள் கையை விட்டு வெள்ளையாக ஒரு சில்லை எடுத்து அவர் முன் நீட்டினாள். உள்ளங்கை நீளம், படகு போல வளைந்திருந்தது. “இத நாக்குல வைங்க.”

வைத்தார். கடல் தண்ணீரின் ஈரம்தான் கரித்தது. நகத்தால் மேலே சுரண்டிவிட்டு, “இப்ப வைங்க” என்றாள். சப்பென்று சுண்ணாம்பாக இருந்தது.

“கடல் நுரை” என்றாள் ரேணுகா. “கணவா மீனோட ஓடு. நீங்க அவுத்து எறிஞ்சீங்களே, அது இதுதான். காலைல அந்தப் பெட்டை செவுத்தை ராவறதைப் பாத்துக்கினே இருந்தேன். சிவசங்கரி வயித்துல இருக்கும்போது நான் இப்படித்தான். பலப்பம் தின்னேன், செவுத்தைச் சொரண்டித் தின்னேன். இதுக்கும் அந்த ஆசைதான் போலன்னு தோணிச்சு. வெறகு மூலைல தேடி அந்தச் சில்லை எடுத்துக் குடுத்தேன். அலறிக்கினு வந்து தின்னுதுங்க, சேவலும் பெட்டையும். தீந்துபோச்சு. பஜார்ல நாட்டு மருந்துக் கடைல கேட்டா, அலைக்கு அப்புறம் யாரும் பொறுக்கியாறதில்லன்னுட்டாங்க.”

“அந்தத் தண்ணி குடிச்சது?”

“நாளெல்லாம் உப்பு நக்குனா தண்ணி குடிக்காம? உங்க உப்பு அவ்ளோ நல்ல உப்பு.”

அர்ச்சுனனுக்குக் காது சிவந்தது. இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது. “ரேணு, அந்த வெள்ளைக்காரம்மா கடலைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. நான்தான் கட்டி வுட்டேன்.”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“அன்னிக்கே. உங்களுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷு ‘தேங்க்யூ’தான். மூணு மணி நேரம் முன்னாடி தெரிஞ்சிடும்னு எந்த பாஷைல கேட்டுக்கினீங்க? இவ்ளோ பெரிய பொய்யி சொல்லியாவது கூப்புட வந்தீங்களேன்னுதான் வந்தேன்.”

“அப்ப ஏன் ஒவ்வொரு தடவையும் மூட்டை கட்டுன?”

ரேணுகா கடல் பக்கம் திரும்பினாள். “பொய்யின்னு எனக்குத் தெரியும்ங்க. பயத்துக்குத் தெரியலியே.”

நீ இல்லாம என்னால முடியல என்று அவர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். அதைச் சொல்ல வாயைத் திறந்தார். வேறு ஒன்று வந்தது. “என்னால இந்த மேட்டைத் தாண்டி எறங்க முடியல ரேணு.”

அவள் அவர் காலைப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உப்புக் கட்டியை அவிழ்த்துக் குழம்புச் சட்டியில் போட்டாள். கணவா ஓட்டை நன்றாகக் கழுவி, அவரையே கம்பியில் கட்டச் சொன்னாள். பெட்டை சிலிர்த்துக்கொண்டு எழுந்து வந்து கொறித்தது. கட்டில் மேல் இருந்த புடவைகள் பீரோவுக்குள் போயின. மணலும் கடல் தண்ணீருமாக இருந்த மஞ்சள் பையை அலசிக் கொடியில் போட்டாள். அது சொட்டிக்கொண்டிருந்தது. அர்ச்சுனன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பை காஞ்சதும்?” என்று கேட்டார்.

“காஞ்சதும் நாளைக்குக் காலைல மறுபடியும் போவணும். குஞ்சு பொரிச்சா இது பத்தாது.” அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். “நீங்களும் வாங்க. எனக்குத் தனியா போவ பயமா இருக்குது.”

அவருக்கும்தான் பயமாக இருந்தது. வருகிறேன் என்றார்.