உலர்ந்த உடலின் மின்தடை

1

பெரம்பலூரில், அரசுத் தேர்வுக்கான பயிற்சி வகுப்பில், ஒரு கணக்கு கொடுத்தார்கள். மின்னழுத்தம் 230 வோல்ட், உடலின் மின்தடை 1000 ஓம். பாயும் மின்னோட்டம் எவ்வளவு? சுலபமான கணக்குதான். என் பக்கத்தில் இருந்த பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். பிறகு வரவே இல்லை. அவள் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. அனுசுயா என்று வைக்கிறேன். இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "மக்காச்சோளம் கதிர் பிடித்ததும் காட்டுப்பன்றிகள் வந்துவிடும்…"
(விட்டுவிட்டேன். பழியைப் பன்றி மேல் போடுகிறது.)

இரண்டாவது: "அருள்முருகன் கெட்டவன் அல்ல, அவன்"
(இதற்கு மேல் ஓடவில்லை.)

மூன்றாவது இது. வாலிகண்டபுரம் பக்கம் ஓர் ஊர். அனுசுயாவின் அண்ணன் அருள்முருகன் தன் மக்காச்சோளக் காட்டைச் சுற்றிக் கம்பி இழுத்து, மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் கொடுக்க முடிவு செய்தான். சட்டப்படி குற்றம் என்பது அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

"பன்னி சாவ வேணாம் பாப்பா. ஒரு உதறு உதறுனா போதும். நடுவுல குண்டு பல்ப் ஒன்னு போட்டா கரண்டு கொறையும்னு சொல்றானுவ. நெசமா?"

"ஆமாண்ணே. பல்ப்பும் ஒரு தடைதான்."

"மனுசன் கால் பட்டா?"

அவள் கணக்குப் போட்டாள்.

"சுருக்குனு இருக்கும். உசுருக்கு ஒன்னும் ஆவாது."

"பி.எஸ்சி. படிக்க வச்சதுக்கு இதாச்சும் ஆச்சே" என்று சிரித்தான் அருள்முருகன்.

3

(கணக்கு பிடிக்காதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். அனுசுயாவால் முடியாது.)

நூறு வாட் பல்ப். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம், 0.43 ஆம்பியர். வோல்ட்டை அதனால் வகுத்தால் பல்ப்பின் தடை, ஏறக்குறைய 530 ஓம். உடலுக்கு அவள் போட்டது ஒரு லட்சம் ஓம். பத்தாம் வகுப்பிலிருந்து மனப்பாடம். ஒரு மதிப்பெண் வினா. இரண்டு தடைகளையும் கூட்டி 230-ஐ வகுத்தால் 0.0023 ஆம்பியர். சுருக்கென்றுதான் இருக்கும்.

வகுத்ததில் பிழை இல்லை. ஒரு லட்சம் என்பது உலர்ந்த உடலுக்கு. விடியற்காலையில், பனி விழுந்த காட்டில், யாருடைய கால் உலர்ந்திருக்கும்?

4

பெரியம்மாள் அவளுக்கு ஒன்றுவிட்ட அத்தை. மாட்டுக்குப் புல் அறுக்க வரப்போடு வந்தாள். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

கொட்டகையில் பல் துலக்கிக்கொண்டிருந்த அருள்முருகன், பல்ப் சிவப்பாக மினுங்குவதைப் பார்த்தான். பன்றி மாட்டிக்கொண்டது என்று நினைத்தான். வாய் கொப்பளித்துவிட்டு, நிதானமாக நடந்து போனான்.

(நனைந்த உடலுக்கு ஆயிரம் ஓம் என்று வைத்தால், பல்ப்பின் தடையையும் கூட்டி, 0.15 ஆம்பியர். இதயம் நிற்க அது போதும். மின்னோட்டத்தை இருமுறையும் தடையை ஒருமுறையும் பெருக்கினால் திறன். பல்ப்புக்குப் பன்னிரண்டு வாட், அதனால்தான் சிவப்பு. பெரியம்மாளுக்கு இருபத்திரண்டு. இந்த வரியை அடித்தேன். அடித்தபின் கதை பொய்யாகத் தெரிந்தது. திரும்ப எழுதியிருக்கிறேன். குளிர்ந்த பல்ப்பின் தடை இன்னும் குறைவு. அதை நான் சேர்க்கவில்லை.)

கம்பியைச் சுருட்டிக் கிணற்றில் போட்ட பிறகுதான் அவன் ஊரைக் கூப்பிட்டான். "அத்தை மயங்கி வுழுந்து கெடக்கு."

5

சேலைகளை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பெண்கள் பிணத்தைக் குளிப்பாட்டினார்கள். அனுசுயா தண்ணீர் ஊற்றினாள். எல்லாம் தெரிந்துதான் வந்திருந்தாள். விடிந்ததும் அண்ணன் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தான். பிணத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணுவின் கை முழங்காலுக்குக் கீழே நின்றது.

"இதென்னாடி, கரிக்கோடு மாரி?"

"முள்ளு கிழிச்சிருக்கும்க்கா" என்றாள் ஒருத்தி.

"முள்ளு கிழிச்சா ரத்தம்ல வரணும்" என்ற அம்மாக்கண்ணு, யார் முகத்தையும் பார்க்காமல், அந்த இடத்தில் இன்னொரு முறை மஞ்சளை அப்பினாள்.

ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையிலிருந்து மகன் முத்துவேல் வந்துவிட்டான். தலைமுடியெல்லாம் தூசி. மறைப்புக்கு வெளியே நின்று கேட்டான்.

"ஏம்புள்ள அனுசுயா, நீ படிச்சவ, சொல்லு. ராத்திரி போன்ல நல்லாதான் பேசுச்சு. ஒரு மனுசி எப்புடி சட்டுனு போவும்?"

அவனுக்குப் பின்னால் அருள்முருகன் நின்றான்.

"மொதல்ல மாமனுக்குத் தண்ணி குடு பாப்பா."

6

முடிவு ஒன்று: அவள் சொல்கிறாள். போலீஸ் வருகிறது. பிணத்தை அறுக்கக் கொண்டுபோகிறார்கள். அண்ணன் ஜீப்பில் ஏறும்போது, "கணக்குப் போட்டது அவதான்" என்கிறான்.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. பெரியம்மாள் எரிகிறாள். (இதை எழுதுவது எளிதாக இருந்தது. அதனால் நம்பவில்லை. தொடர்ந்து எழுதினேன்.) கொள்ளி வைத்துத் திரும்பும்போது ஒருவன் இன்னொருவனிடம் சொல்கிறான்: "எங்காட்டுலயும் கம்பி இழுத்துட்டேன். பல்ப் போட்டா ஒன்னும் ஆவாதாம். அருள்முருகன் தங்கச்சி கணக்குப் போட்டே சொன்னிச்சு."

அவள் போட்ட விடை அவளுக்கு முன்னால் ஊரைச் சுற்றிவந்துவிட்டது.

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. பாடை இன்னும் கட்டி முடியவில்லை. முத்துவேல் பதிலுக்கு நிற்கிறான். அனுசுயாவின் கையில் ஒரு செம்புத் தண்ணீர் மீதி இருக்கிறது. பெரியம்மாளின் காலில் மஞ்சள் காயவில்லை, ஊற்றினால் கழுவிக்கொண்டு போய்விடும், கரிக்கோடு தெரியும்.

நான் பேனாவை மூடுகிறேன். செம்பை வாங்கிக்கொள்ளுங்கள்.