பேருந்தின் பக்கவாட்டில் என் தம்பி

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். விளம்பரமாகப் பிறந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேலை பார்க்கும் என் தம்பி போன் செய்து, "அக்கா, எங்க வெப்சைட்டுக்கு ஒரு சக்சஸ் ஸ்டோரி வேணும். என்னைப் பத்தி. நீதான் எழுத்தாளராச்சே" என்றான்.

நான் எழுதிய நாவல்களில் ஒன்றைக்கூட அவன் முதல் அத்தியாயம் தாண்டிப் படித்ததில்லை. ஆனாலும் அந்த 'எழுத்தாளராச்சே'யை அவன் இழுத்த இழுப்பில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மார்க்கெட்டிங்கில் முதுகலை படித்தவன். யாருக்கு எங்கே சொறிந்தால் சுகம் என்று தெரியும்.

"எவ்வளவு பெருசா வேணும்?"

"ஒரு பக்கம். கஷ்டப்பட்டான், படிச்சான், ஜெயிச்சான். அவ்வளவுதான்."

இவ்வளவு கச்சிதமாக நீயே சொல்லிவிட்டாய், நான் எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்:

'விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவன் மறைந்தபோது, அம்மாவின் கண்கள்...'

வேண்டாம். அம்மாவின் கண்கள் அன்று முழுக்க அவனுடைய பெட்டியின் எடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

இரண்டாவது:

'சந்தை என்பது பொருள்கள் கைமாறும் இடமல்ல, கனவுகள்...'

இதை அவனுக்கு அனுப்பினேன். "சூப்பர்க்கா! இதான் வேணும்!" என்று உடனே பதில் வந்தது. அதனால் அடித்துவிட்டேன். (அவனுக்குப் பிடித்த வாக்கியம் எதுவும் இதில் இருக்கக் கூடாது என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன். இருந்தால் அது என் கவனக்குறைவு.)

மூன்றாவது தொடக்கம் அழகாக இருக்காது. நடந்ததை நடந்தபடி சொல்வது.

3

தம்பி இங்கே ஒரு பெயின்ட் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தான். கடை கடையாக ஏறி, நிறங்கள் ஒட்டிய அட்டையை விரித்துக் காட்டும் வேலை. நன்றாகவே செய்தான். ஆனால் அவனுக்கு மேலே வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாம் வெளிநாட்டில் மார்க்கெட்டிங் படித்தவர்கள். அவர்கள் எந்தக் கடையின் படியும் ஏறியதில்லை. கண்ணாடி அறைக்குள் இருந்தபடியே, கடைக்காரர் மனதில் என்ன இருக்கிறது என்று இவனுக்குப் படம் போட்டு விளக்குவார்கள்.

"நானும் மேஜைக்கு அந்தப் பக்கம் போய் உக்காரணும்க்கா" என்றான் ஒருநாள். லட்சியம் அவ்வளவுதான்.

போனான். நுகர்வோர் மனம், பிராண்டின் ஆளுமை என்று ஏதேதோ படித்தான். பல்கலைக்கழகத்தின் புகைப்படக்காரர் ஒருநாள் வகுப்புக்கு வந்திருக்கிறார். ஜன்னலோரம் வெளிச்சம் நன்றாக விழுந்த ஒரே காரணத்தால் இவனைப் படம் எடுத்துப்போனார். பக்கத்தில் இருந்தவன் சொன்ன எதற்கோ இவன் அப்போது சிரித்துக்கொண்டிருந்தானாம்.

பட்டம் வாங்கினான். அங்கியும் தொப்பியுமாக அனுப்பிய படத்தை அம்மா கூடத்தில் மாட்டினாள். பெரிய கம்பெனி ஒன்றில் பிராண்ட் பிரிவில் வேலை கிடைத்ததாகச் சொன்னான். எந்த பிராண்ட் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எங்களுக்குப் புரியாது என்று அவனுக்குத் தெரியும்.

வாசகருக்கு ஒரு சலுகை: எங்களுக்கு வெகுகாலம் கழித்துத் தெரியவந்ததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். எத்தனையோ கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டுப் பதிலே வராமல், கடைசியில் அவன் போய் நின்றது ஒரு மெத்தைக் கடையில்.

4

வருகிறவர்களைப் படுக்கவைப்பதுதான் அங்கே அவன் வேலை. செருப்புக் காலுக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவிட்டு, "கண்ணை மூடிப் பாருங்க" என்று சொல்லி ஓரமாக நிற்க வேண்டும். நிற்கிறவர்கள்தான் விலை விஷயத்தில் பொய் சொல்வார்கள், படுத்துவிட்டால் யாரும் பொய் சொல்வதில்லை என்பது அவனுடைய கண்டுபிடிப்பு. (பாடப்புத்தகத்தில் இது இல்லையாம். அதை எழுதியவர்கள் நின்றுகொண்டே எழுதியிருப்பார்கள்.)

ஒருநாள் படுத்திருந்த பெண்மணி ஒருவர் தலையணையிலிருந்து அவனையே உற்றுப் பார்த்தார்.

"உங்களை எங்கயோ பார்த்திருக்கேனே... ஆங், பஸ்! நீங்க பஸ்ல இருக்கீங்க!"

"நான் ட்ரெயின்லதான் வருவேன் மேடம்."

"பஸ்ஸுக்கு உள்ள இல்லைங்க. வெளியில!"

இடைவேளையில் சாலையோரம் போய் நின்றான். பேருந்து வந்தது. முன்சக்கரத்திலிருந்து பின்கதவு வரை இவன் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே, 'எங்கள் மாணவர். இன்று சர்வதேச பிராண்ட் மேலாளர்.' பேருந்து நின்றது. ஆட்கள் இவனுடைய பற்களைக் கடந்து உள்ளே ஏறினார்கள். தன் உருவத்தின் முன்னால் தானே ஓர் அந்நியனாக அவன்... (இந்த வாக்கியத்தை முடித்தால் இலக்கியமாகிவிடும். விட்டுவிடுகிறேன்.)

மார்பில் கடையின் பெயர் பொறித்த சட்டையோடு நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போனான். மாணவர் சேர்க்கைப் பிரிவின் தலைவியை, அங்கே எல்லோரும் அழைப்பது போலவே மேடம் என்று வைத்துக்கொள்வோம். மேடத்தின் முன்னால் போய் நின்றான்.

"ஒண்ணு, என் படத்தை எடுங்க. இல்லேன்னா, அதுக்குக் கீழ போட்டிருக்கற வேலையைக் கொடுங்க."

மேடம் கோபப்படவில்லை. "ரெண்டுல எதைச் செஞ்சாலும் எங்களுக்கு லாபங்கற மாதிரி பேசறீங்களே. எங்க கத்துக்கிட்டீங்க?"

"இங்கதான்."

வேலை கிடைத்துவிட்டது: சர்வதேச மாணவர் சேர்க்கை மேலாளர். அதாவது, மார்க்கெட்டிங் படிப்பை மார்க்கெட்டிங் செய்வது. நாடு நாடாகப் பறந்தான். ஓட்டல் கூடங்களில் மேஜை போட்டு, அதன் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்தப் படிப்பு ஒரு மனிதனை உலகம் சுற்ற வைக்குமா என்று கேட்டால், வைக்கும்; இவனே சாட்சி. அந்தப் படிப்பை விற்பதற்காகச் சுற்றுகிறான் என்கிற சில்லறை விவரத்தைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

5

இங்கே சின்னவள் வருகிறாள். எங்கள் தங்கை. மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில், கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவள். (முதல் வரைவில் அவளை வேலை சலித்துப்போனவளாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "வேலை பிடிக்கும்க்கா. இன்னும் முப்பது வருஷம் அதே ஸ்டூல்ல உக்காரணும்னு நினைச்சாத்தான் பயமா இருக்கு" என்றாள். திருத்தம் ஏற்கப்பட்டது.)

தம்பி போடும் விமான நிலையப் படங்களைப் பார்த்துப் பார்த்து, அவன் படித்ததையே தானும் படிக்கப்போவதாகச் சொன்னாள். "ஒருத்தன் போனது போதாதா?" என்றாள் அம்மா.

அந்த நேரம் பார்த்துத் தம்பியின் கல்விக் கண்காட்சி எங்கள் ஊர் ஓட்டலுக்கே வந்தது. சின்னவள் அவனிடம் சொல்லாமல் டோக்கன் எடுத்து, என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் பக்கத்து நாற்காலியில் இருந்ததால் இந்தப் பகுதியில் கற்பனை குறைவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். டை கட்டியிருந்தான். பக்கத்தில் மேடம்.

"நீ எங்கடி இங்க?"

"டோக்கன் எடுத்திருக்கேன். எல்லார்கிட்டயும் சொல்றதை எங்கிட்டயும் சொல்லு."

மேடம் புன்னகைத்தார். எங்கள் பேச்சு அவருக்குப் புரியாது. புன்னகைக்க அது தடையாக இருக்கவில்லை. தம்பி கையேட்டைத் திறந்தான். அட்டையிலும் அவன்தான். முதல் பக்கத்தை வாசித்தான், இரண்டாவதைப் புரட்டினான், மூடிவிட்டான்.

"வேணாம்டி உனக்கு."

"ஏன்? உனக்கு மட்டும் ஒத்துக்கிச்சுல்ல?"

"நான் மெத்தை வித்தேன்."

"மெத்தையா? எந்த பிராண்டு?"

"பிராண்டு இல்லடி. கடை. ஆளுங்களைப் படுக்கவெச்சுட்டுப் பக்கத்துல நின்னுட்டிருந்தேன். ரொம்ப நாள்."

வீட்டுக் கூடத்தில் தொங்கும் படமும், அதன் கீழே நின்று அம்மா அக்கம்பக்கத்தாரிடம் சொன்னதெல்லாமும் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. சின்னவள் மட்டும் தகட்டைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தாள்.

"அப்பயும் நீ திரும்பி வரலையே. அப்படீன்னா அங்க ஏதோ இருக்கு."

"ஒண்ணுமில்ல. வர வெக்கமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

"எங்ககிட்ட என்னண்ணா வெக்கம்?"

"உங்ககிட்டதான்டி."

அவள் கண் நிறைந்துவிட்டது. மேஜைக்கு மேலே கை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மேடம் பதறிப்போய், என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். அவன் மொழிபெயர்த்தான். அந்த மொழி எனக்கு அரைகுறைதான். ஆனால் 'வெக்கம்' வரவேண்டிய இடத்தில் 'விடாமுயற்சி' வந்தது எனக்குப் புரிந்தது. கண் இமைக்கும் நேரம்கூட அவன் தயங்கவில்லை. அந்தப் படிப்பு அவனுக்கு என்ன கொடுத்தது என்று கேட்பவர்களுக்கு நான் இந்த ஒரு மொழிபெயர்ப்பைத்தான் காட்டுவேன்.

மேடத்துக்கும் கண் கலங்கிவிட்டது. மெத்தைக் கடையிலிருந்து உலக மேடைக்கு! இவ்வளவு நாள் இதை ஏன் மறைத்தீர்கள்? புதிய பிரசாரம் அந்த நாற்காலியிலேயே உருவானது. எனக்கு வந்த போனுக்கும் அதுதான் காரணம்.

சின்னவள் விண்ணப்பப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவை எடுத்தாள். "எங்க கையெழுத்துப் போடணும்?"

"வேணாம்னுதானேடி இவ்வளவு நேரம் சொன்னேன்!"

"அதனாலதான். இங்க இருக்கற பத்து மேஜையில வேணாம்னு சொன்னவன் நீ ஒருத்தன்தான்."

தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக விற்கக் கூடாது என்று முயன்றான். அன்றைக்குப் பார்த்து விற்றுவிட்டது.

6

பல்கலைக்கழகம் கேட்ட ஒரு பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். விடாமுயற்சி அதில் நான்கு இடத்தில் வருகிறது. நீங்கள் படிப்பது அதில் சேராமல் மிஞ்சியது.

சின்னவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. வருகிறேன் என்று அவள் இன்னும் பதில் அனுப்பவில்லை. முடிவுகள் மட்டும் தயாராக இருக்கின்றன.

முதல் முடிவு, அம்மா கேட்டது: விசா கிடைக்கவில்லை. "யார் மேலயும் பழி வராது பாரு" என்றாள் அம்மா.

இரண்டாவது, மேடத்துக்குப் பிடிப்பது: அண்ணனும் தங்கையும் ஒரே பேருந்தில், ஆளுக்கொரு பக்கம்.

மூன்றாவது என்னுடையது: தம்பி வேலையை விட்டுவிட்டு மெத்தைக் கடைக்கே திரும்பி, நிம்மதியாக... அனுப்பினேன். "கடையை மூடிட்டாங்கக்கா" என்று பதில் வந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று: "அவ வந்தா ஏர்போர்ட்டுக்கு நானே போவேன். வரலேன்னா நல்லா தூங்குவேன். ரெண்டையும் அவகிட்ட சொல்லிடாத."

சொல்லவில்லை. ஆனால் சின்னவள், வேலையிலிருந்து வந்த கையோடு, பையைக்கூட இறக்காமல் என் தோளுக்கு மேலாக எல்லாவற்றையும் படித்துவிட்டாள்.

"மூணு முடிவு எழுதியிருக்க. மூணுலயும் நான் ஒரு வார்த்தைகூடப் பேசலையே."

"சரி, நீயே சொல்லு. போறியா, இல்லையா?"

"தெரியலக்கா. கையெழுத்துப் போட்டப்ப தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. இப்ப தெரியல."

"கதையை முடிக்கணுமேடி."

"உன் கதைக்காக நான் போகணுமா? கொஞ்ச நேரம் என்னை யாரும் எங்கயும் அனுப்பாம இருங்களேன்."

நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் முகம் இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. ஊகித்து எழுதவும் மாட்டேன். அவளுக்குச் சொல்ல உங்களிடம் கட்டாயம் ஒரு யோசனை இருக்கும். தயவுசெய்து அதை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதுவதை நிறுத்துகிறேன். நீங்களும் எழுந்திருங்கள், சத்தம் போடாமல்.