கிராம்புத் தாள்

முதலில் செய்த தாள்கள் நாறித்தான் தொலைத்தன. எந்த விலங்கின் எலும்போ என்று தெரியாத ஜெலட்டின் நம் அடுப்பில் ஏறக்கூடாது என்று, ரமீஜா குருசுக்குப்பத்தில் மீன் தோலாக வாங்கிவந்து தானே காய்ச்சினாள். அந்தக் கஞ்சியைக் கிளிசரினோடு தட்டில் ஊற்றி, காற்றாடிக்குக் கீழே காயவைத்து உரித்தால் மெல்லிய தாள் வரும். மீனைச் சுற்றி வைக்கலாம், தூக்கிப் போட்டால் பிளாஸ்டிக்கைப் போல கிடக்காமல் மக்கிவிடும். எல்லாம் சரி, கவுச்சிதான் போகவில்லை.

"ராத்தா, இது மீன சுத்துற தாளா, இல்ல மீனேதானா?" என்று தங்கை ஷாஹீன் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ரமீஜாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கிருமியைத் தடுக்க அளவாக விட்டுவந்த கிராம்பு எண்ணெயை இரண்டு மடங்காக்கினாள். கவுச்சி போயே போய்விட்டது. அதன்பிறகு அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. "என் தாள் சுத்தின மீனு கெடவே கெடாது" என்று முத்தியால்பேட்டை முழுக்கச் சொல்லித் திரிந்தாள். அதை முழுசாக நம்பிய ஒரே ஆள் அவள் புருஷன் ஜமால்.

விழுப்புரத்தில் ஒரு கண்காட்சியில் தாளைக் காட்டிவிட்டு, முந்தின இரவுதான் திரும்பியிருந்தாள். காலையில் வாசலில் தட்டுகளைக் கழுவும்போது பக்கத்து வீட்டுத் தையல்காரி கமலவேணி எட்டிப் பார்த்தாள்.

"நேத்து நீ இல்லாதது நல்லதாப் போச்சு. காலைல போன கரண்ட்டு, வௌக்கு வெக்கிற நேரத்துலதான் வந்துச்சு. வெந்துட்டோம்."

ரமீஜாவின் கை நின்றது. ஃபிரிட்ஜில் தாள் சுற்றிய சூரை மீன் இருந்தது. ஓடிப்போய்த் திறந்தால், பாதிப் பொட்டலங்களைக் காணோம்.

"காலைலேயே லாஸ்பேட்டைக்குக் குடுத்துட்டு வந்தேன்" என்றார் ஜமால். "ஷாஹீன் மாசமா இருக்கா, மீனு வேணும்னு கேட்டா."

"கரண்ட்டு போனது தெரியாதாங்க ஒங்களுக்கு?"

"தெரியும். நீதான சொன்ன, ஒன் தாள் காப்பாத்தும்னு? மோந்து பாத்துட்டுதான் எடுத்தேன். கம்முனு கிராம்பு வாசம்."

ரமீஜா அடுப்பில் தண்ணீரைச் சூடாக்கினாள். மிச்சமிருந்த ஒரு பொட்டலத்தை அதில் போட்டாள். ஜெலட்டின் கரைந்தது, எண்ணெய் மேலே மிதந்தது. மீன் துண்டை எடுத்துக் குழாயடியில் அலசி மூக்கருகே கொண்டுபோனாள். கிராம்புக்கு அடியில் ஒளிந்திருந்த கெட்டுப்போன வாடை அடித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது வேறு யாருமில்லை, அவளேதான். குளிர் இல்லாமல் கிடந்த சூரையில் ஊறும் நஞ்சு முகத்தைச் சிவக்கவைக்கும், நெஞ்சைப் படபடக்கவைக்கும், பொரித்தாலும் போகாது. கல்லூரியில் இதே பாடத்தை எழுதித்தான் மெடல் வாங்கியிருந்தாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது, ஷாஹீன் எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தாள். வழியெல்லாம் வாய் துஆவை முணுமுணுத்தது. ஷாஹீன் இன்னும் அடுப்பே மூட்டியிருக்கக் கூடாது, சோம்பேறிக் கழுதை இன்னும் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

மாடிப்படியிலேயே கிராம்பு மணத்தது.

ஷாஹீன் தட்டின் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தட்டில் முள் மட்டும் கிடந்தது.

"வா ராத்தா! ஒனக்கு ஒரு துண்டு வெக்கலாம்னுதான் பாத்தேன், முடியல. சாப்ட்டுட்டேன்." கன்னத்தைத் தேய்த்துக்கொண்டாள். "மொளகாத்தூளு ஜாஸ்தியோ என்னவோ, மூஞ்சி காந்துது. நெஞ்சு வேற படபடங்குது."

கழுத்திலிருந்து காது மடல்வரை சிவப்பு ஏறியிருந்தது. ரமீஜா அவள் தோளைப் பற்றித் தூக்கினாள். 

"எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"எதுக்கு? மீனு நல்லாத்தான இருந்துச்சு." ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஷாஹீன் சாப்பிட்ட விரல்களை அக்காவின் மூக்கருகே நீட்டினாள். "நீயே மோந்து பாரு."

கிராம்பு வாசம்தான் வந்தது.