இரு பக்கமும் ஏற்ற தலைவர்

கனடாவில், பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழர் சங்கம் இரண்டாக உடைந்து ஆறு வருடமாகியிருந்தது. ஊரில் இரண்டு இயக்கங்களுக்குள் இருந்த பகையை ஆட்கள் பெட்டி படுக்கையோடு கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். ஒரே தெருவில் இரண்டு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள். ஒரு பக்கத்தாரின் செத்தவீட்டுக்கு மற்றப் பக்கத்தார் எட்டியும் பார்ப்பதில்லை.

2003இல், ஊரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த நாட்களில், சங்கத்தை ஒன்றாக்கவென்று குணரத்தினம் புறப்பட்டார். கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிப்போகும் வேலை அவருக்கு. பன்னிரண்டு வருடமாக, யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் கூட நின்று டாக்டரோடு பிரெஞ்சில் கதைத்துக் கொடுப்பார். எந்தப் பக்கம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதனால் அவர் கதவைத் தட்டினால் எல்லா வீடும் திறந்தது.

முதலாவது பொதுக்கூட்டத்தில், போரில் செத்த இரு பக்கத்தாரின் பெயர்களையும் ஒன்றாக வாசிப்பது என்பது அவருடைய யோசனை. ஒரு பக்கத்துக்குத் தலைவராக இருந்த செபமாலை உடனே சம்மதித்தார்.

அவர் இருந்த கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழ் வீட்டில் இருந்த அக்னெஸும் கேள்விப்பட்டு வந்தாள். அவள் குணரத்தினத்தின் தம்பி நகுலேஸ்வரனின் மனைவி. அவன் செத்தபின் தனியாளாக நின்றவளை அவர்தான் கனடாவுக்குக் கூப்பிட்டார்.

“அவற்ற பேரும் இருக்குத்தானே, அத்தான்?”

“ஓம், பிள்ளை. பின்னை?”

அடுத்த கிழமை மற்றப் பக்கத்துத் தலைவர் இரவிச்சந்திரன் வீட்டுக்குப் போனார். தேத்தண்ணி வந்தது. இரவிச்சந்திரன் பொறுமையாக எல்லாம் கேட்டார்.

“எங்கட ஆக்கள் எல்லாரும் உங்களைத் தலைவராக்கக் கை உயர்த்துவினம், அண்ணை. ஒரு பேர் மட்டும் வேண்டாம்.”

எந்தப் பெயர் என்று குணரத்தினம் கேட்கவில்லை. தபால் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்த நகுலேஸ்வரனை இரவிச்சந்திரனின் இயக்கம்தான் வீட்டிலிருந்து கூட்டிப்போய்ச் சுட்டது. கழுத்தில் துரோகி என்று எழுதிய மட்டை தொங்கியது.

“சண்டையில செத்தவை வேற. அந்தப் பேரை வாசிச்சா, நாங்கள் செய்தது பிழை எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி.”

வீட்டுக்கு வந்து செபமாலைக்குத் தொலைபேசி எடுத்தார். நடந்ததைக் கேட்டுவிட்டுச் செபமாலை சொன்னார்: “அது உங்கட தம்பி, அண்ணை. நீங்கள் என்ன சொன்னாலும் எங்களுக்குச் சரி.”

கூட்டத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. தினமும் அக்னெஸின் கதவைத் தாண்டித்தான் வேலைக்குப் போனார். ஒருநாளும் தட்டவில்லை.

ஏப்ரலில், தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் முந்நூறு பேர் கூடினார்கள். அவரைத் தலைவராக்க எழுந்த கைகளில் எது எந்தப் பக்கம் என்று பிரிக்க முடியவில்லை. ஆறு வருடம் முகம் பார்க்காதவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு அவர் தாளை விரித்து நாற்பத்தொரு பெயர்களை வாசித்தார். மூன்றாவது வரிசையில் அக்னெஸ் கடைசிப் பெயர் வரைக்கும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மௌன அஞ்சலிக்கு எல்லோரோடும் எழுந்து நின்றாள்.

கைகொடுத்தவர்கள் விலகிய பிறகுதான் கிட்ட வந்தாள்.

“ஏன் அத்தான்?”

“ஒராளுக்காக இவ்வளவு சனத்தையும் திருப்பி அனுப்பேலாது, பிள்ளை.”

“சுட்டவையும் அப்பிடித்தான் சொன்னவை. ஒராள்தானே எண்டு.”

குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு படியேறினாள். ஜூன் மாதம் டொரண்டோவில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டுக் கதவின் திறப்பை அவருடைய தபால்பெட்டிக்குள் போட்டிருந்தாள். கடிதம் ஏதும் இல்லை.

பள்ளிக்கூடம் ஒன்றானது. பொங்கல் ஒன்றானது. அடுத்த வருடக் கூட்டத்துக்கு முன் குணரத்தினம் செயற்குழுவில், தம்பியின் பெயரையும் இந்தமுறை வாசிக்க வேண்டும் என்றார்.

இரவிச்சந்திரன் மேசையைப் பார்த்தார். பதில் சொன்னது செபமாலைதான்.

“இப்ப எல்லாம் நல்லாப் போகுது, அண்ணை. ஏன் கிளறுவான்?”

மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். குணரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கூட்ட நிரலில் அடுத்த விடயத்துக்குப் போனார்.