சிரிக்க மட்டும் தெரிந்தவள்

கண் மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவளுக்குக் 'கதைக்காரி' என்று பட்டப்பெயர் வைத்தது அவளுடைய அக்கா புருஷன்தான். செல்லமாக வைத்ததல்ல.

மனுஷன் வக்கீல். தனக்கு ஒரு பதிப்பாளரைத் தெரியும் என்று சொல்லி, அவள் எழுதிய முதல் நாவலை வாங்கிக்கொண்டு போனார். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் கிடைத்த இண்டு இடுக்கு நேரத்திலெல்லாம் எழுதியது அது. மாதக்கணக்கில் பேச்சு மூச்சில்லை. கேட்டால், "அவர் ரொம்ப பிஸிம்மா" என்பார்.

அக்கா மகளின் பிறந்தநாள் விருந்து. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் சாவகாசமாக உட்கார்ந்த நேரத்தில், அந்தக் காகிதக் கட்டை எடுத்துவந்து ஏற்ற இறக்கத்தோடு வாசிக்க ஆரம்பித்தார். கதாநாயகி அழுகிற இடத்தில் மூக்கை உறிஞ்சிக் காட்டினார். கூடமே குலுங்கியது. அவள் அக்காவைப் பார்த்தாள், நிறுத்தச் சொல்வாள் என்று. அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காதே கதைக்காரி, மாமா சும்மா தமாஷ் பண்ணேன்" என்றார் அவர். "ஆனா சட்டப்படி பார்த்தா, இதை ஒருத்தனைப் படிக்க வைக்கிறது சித்திரவதை."

அன்றைக்கே அந்தக் கட்டைப் பரண்மேல் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு நாவல் தொடங்கினாள். முன்னே ஒரு பக்கம் எழுத முக்கி முனகியவளுக்கு, இந்த முறை கை நிற்கவில்லை. வேண்டா வெறுப்பாகப் போய்வந்த விசேஷங்களுக்கெல்லாம் இப்போது முதல் ஆளாகப் போனாள். ஒரு மூலையில் உட்கார்ந்து மாமாவையே பார்த்தாள். பேசுவதற்கு முன் கனைப்பது, எதிராளி பேசும்போது நகத்தைப் பார்ப்பது, எதுவும் தப்பவில்லை. கதையில் அவரைப் பல் டாக்டராக்கினாள். 'சட்டப்படி பார்த்தா' என்பது 'விஞ்ஞானப்படி பார்த்தா' என்று ஆனது. டாக்டர் பெண்டாட்டிக்கு மட்டும் ஒரு வசனம்கூட எழுதவில்லை. சிரிக்க விட்டாள், அவ்வளவுதான்.

இரண்டு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. மூன்றாவது போட்டது. அச்சானதுமே உறவுக்காரர்களுக்கெல்லாம் பிரதி கொடுத்துவிட்டாள். வெளியீட்டு விழா நூலக அரங்கில் நடந்தது. வெளியூர் உறவெல்லாம் வந்திருந்தது. கூப்பிடாமலே மைக்கைப் பிடித்தார் மாமா.

"முதல் நாவலையே நான்தான் படிச்சு வழிகாட்டினேன்" என்று ஆரம்பித்தார். "இதுல ஒரு பல் டாக்டர் வர்றான் பாருங்க. என்ன ஜென்மமோ! தன்னை விட்டா உலகமே தெரியாது. ஓங்கி ஒண்ணு விடலாம் போல இருந்துச்சு. சட்டப்படி பார்த்தா இந்த மாதிரி ஆளுங்களை..."

பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். முன்வரிசையில் இருந்த அக்கா, எழுந்திருக்காமலே சொன்னாள்: "அது நீங்கதாங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோர் காதிலும் விழுந்தது. அரங்கு வெடித்துச் சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை. கனைத்தார். புத்தகத்தைப் படித்தவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மைக்கை அப்படியே வைத்துவிட்டு, நேராக வாசலைப் பார்த்து நடந்தார்.

மனசுக்குள் அவள் எத்தனையோ தரம் ஓட்டிப் பார்த்த காட்சி. நேரில் இன்னும் ருசியாக இருந்தது. பாவமென்று தோன்றுகிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். தோன்றவில்லை.

கையெழுத்து வாங்க நின்ற வரிசையில் அக்காவும் வந்தாள்.

"மாமா எங்கே?"

"கார்ல உக்காந்திருக்கார்." அக்கா புத்தகத்தை நீட்டினாள். "அவரை எழுதினே, சரி. அந்தப் பொண்டாட்டி கடைசி வரைக்கும் வாயே திறக்கலையே. என்மேல அவ்வளவு கோவமாடி?"

"ஆமாக்கா."

"இன்னைக்குத்தான் பேசிட்டேன்ல?"

"அன்னைக்குப் பேசியிருக்கணும்."

அக்காவின் கண் கலங்கியது. 'அன்பு அக்காவுக்கு' என்று எழுதப்போன பேனா ஒரு கணம் நின்றது. முன்பின் தெரியாதவர்களுக்குப் போட்டதுபோல வெறும் கையெழுத்தைப் போட்டு, புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டு, அடுத்தவரிடம் கை நீட்டினாள்.